ஆறு பாட்டில், ஒரு ஆள்

1. கழித்துவிடச் சொன்னது

முப்பத்தொன்று முதல் முப்பத்தாறு வரை ஆறு பாட்டிலும் ஒரே அளவைக் காட்டின. இருபத்தெட்டு வருஷம் லேப் டெக்னீஷியனாகக் குப்பை கொட்டியவள் நான். ஆறு பேருடைய சிறுநீரில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் இப்படி ஒட்டினாற்போல் வரவே வராது. குடித்த தண்ணீரும் தின்ற சோறும் ஆளுக்கு ஆள் மாறும்.

ஊசி குத்தாமல், சிறுநீரை வைத்தே இரத்தப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க முடியுமா என்று எங்கள் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. நோயாளிகளோடு ஒப்பிட, நோயில்லாதவர்களின் மாதிரியும் வேண்டும். அதற்காக வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பாட்டில் கொடுத்து வாங்கி வந்திருந்தேன். அந்த ஆறு பாட்டிலிலும், நோயாளிகளிடம் கூடுகிற ஒரு புரதம் எகிறிக் கிடந்தது.

ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் திரையைப் பார்த்தார். "நல்லா இருக்கறவங்களுக்கு இப்படி வராதுங்க மேடம். ஏதோ கலந்திருக்கு. ஆறையும் கழிச்சு விடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாம் எதிர்பார்த்தபடி வரவில்லை என்றால் குப்பையில் போடுவதா? இது ஆறு பேர் இல்லை, ஒரே ஆள். அந்த ஆள் யாரென்று பார்க்க வேண்டும் என்றேன். பெயரைத் தேடக் கூடாது, முடிவைத் தனி ஆளிடம் சொல்லக் கூடாது, ஆராய்ச்சி விதி அப்படி என்றார். விதியை எழுதியவருக்கு இந்தப் புரதம் எகிறியிருந்தால் சும்மா இருப்பாரா என்று கேட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, ஆளைக் கண்டுபிடித்தால் கூட்டிவாருங்கள், இரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றார்.

2. செக்கிங் டேபிள்

ரிஜிஸ்டரில் அந்த ஆறு நம்பருக்கும் நேரே 'செக்கிங்' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. தைத்து வந்த பனியனில் ஓட்டை, கறை பார்க்கும் மேசை. ஐந்து இளம் பெண்கள், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த எஸ்தர் என்ற ஐம்பத்து நான்கு வயதுக்காரி. எந்தப் பாட்டில் யாருடையது என்று கேட்டேன். ஐந்து பேரும் பனியனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். எஸ்தர்தான் என்னைச் சாப்பாட்டு ஹாலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"எல்லாம் எங்கிட்ட எடுத்ததுதான்க்கா. யூரின் டெஸ்ட்டுன்னா மாசமா இருக்காளான்னு பாக்கதுதான? இருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாவ. எனக்குத் தீட்டு நின்னு நாலு வருசமாச்சு. எங்கிட்ட என்ன வரப்போவுது?"

அந்தக் கம்பெனியில் யூரின் டெஸ்ட் என்றால் அதற்கு ஒரே அர்த்தம். 'எல்லாரும் யூரின் டெஸ்ட் குடுத்துட்டுப் போங்க' என்று மேனேஜர் மைக்கில் சொன்னபோது, நான் அவர் ரூமில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். வேலை சுலபமாக முடிகிறதே என்று சந்தோஷம் வேறு. சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கத் தெரிந்த எனக்கு, அவர்கள் காதில் என்ன விழுந்தது என்று கேட்கத் தெரியவில்லை. இந்த முறை கோபம் என் மேலேயே.

ரொம்ப நாளாக முதுகு வலி, அசதி என்று எஸ்தர் சொன்னாள். நின்றே வேலை பார்ப்பதால் என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி மேனேஜரிடம் போனேன்.

"ஏனுங்க மேடம், ஷிப்மென்ட் நேரத்துல ஆளைக் கூட்டிட்டுப் போறேங்கறீங்க. முதுகு வலி யாருக்குத்தானுங்க இல்லை? ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாமுங்க."

"மாசமா இருக்கறவளை அனுப்ப உங்களுக்கு ஷிப்மென்ட் தடுக்கலீங்களே. சீக்கு வந்தவளை அனுப்பத்தான் தடுக்குதுங்களா?"

அவர் எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்தார். நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கடைசியில் கேட் பாஸில் கையெழுத்துப் போட்டார்.

3. மயலோமா

இரத்தம் பார்த்து, எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். மயலோமா, இரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. சிறுநீரகம் கெடுவதற்குள் சிகிச்சை தொடங்கிவிட்டது. அடுத்த முறையிலிருந்து பாட்டிலை நானே கையில் கொடுத்து, இது கர்ப்பம் பார்ப்பதற்கு இல்லை, முடிவு கம்பெனிக்குப் போகாது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். புதிதாக லேபில் சேருகிறவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

மருந்து ஏற்றிக்கொண்டிருந்தபோது எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏமாத்துனதுக்கு மன்னிச்சிருங்கக்கா. ஒங்க கணக்கெல்லாம் கெட்டுப்போச்சுல்லா?"

ஆறும் ஒன்றுபோல் இருந்ததால்தான் எனக்குச் சந்தேகமே வந்தது. அவள் ஒழுங்காக ஒரே ஒரு பாட்டில் கொடுத்திருந்தால், டாக்டர் கழிக்கச் சொல்லியிருப்பார், நானும் கழித்திருப்பேன்.