நழுவாமல் பிடித்த குரல்

சிங்கப்பூர் ஜப்பான்காரர்கள் கைக்குப் போன பிறகு என் அக்கா பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அவள் கணவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், அங்கே ராணுவ ஆஸ்பத்திரியில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். பிடிபட்டாரா, செத்துப்போனாரா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் வீட்டில் அப்போது மூன்று பேர். அக்கா, அவள் மாமியார், நான். அக்கா மிஷன் பள்ளியில் டீச்சர். நான் ஒரு கல்லூரியின் பௌதிகப் பரிசோதனைச் சாலையில் மாணவர்களுக்குச் செய்முறை காட்டும் வேலையில் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஒரு பெண் அக்காவின் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனாள். அவளுடைய தம்பியும் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டவன்தான். அங்கிருந்து மாலையில் வரும் தமிழ் ஒலிபரப்பில், கைதிகளைக் கொண்டே வீட்டுக்குச் சேதி சொல்ல வைக்கிறார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். முதலில் பெயரும் ஊரும் சொல்வார்களாம். பிறகு அந்த ஆளே நாலு வார்த்தை பேசுவானாம்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள்.

“நம்ம ரேடியோல அது வருமாடா?”

“வரும். ஆனா நிக்காது.”

உண்மை அதுதான். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரி விற்றுவிட்டுப் போன பழைய செட் அது. பக்கத்து ஊர் நிலையங்களுக்குப் பரவாயில்லை. சிற்றலைக்குத் திருப்பினால் முள் ஒரு மயிரிழை அசைந்தாலே நிலையம் போய்விடும். கஷ்டப்பட்டு ஒன்றைப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தால், உள்ளே கண்ணாடி வால்வுகள் சூடேற ஏற அது தானாகவே நழுவும். சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போட்டு மின்சாரம் தாழும்போது இன்னும் மோசம். நழுவிய நிலையத்தில் பேச்சு கேட்கும், வார்த்தைகூடப் புரியும். ஆனால் யார் பேசினாலும், அக்கா சொல்வதுபோல், தகரக் குழாய்க்குள் பேசுகிற மாதிரி ஒரே குரலாக இருக்கும்.

நாங்கள் கேட்க ஆரம்பித்த முதல் வாரமே இது தெரிந்துவிட்டது. விளக்கு வைத்தவுடன் ஜெபத்தை முடித்துக்கொண்டு மூவரும் ரேடியோ முன்னால் உட்காருவோம். சத்தத்தை முடிந்தவரை குறைத்து, ஒலிபெருக்கியின் மேல் ஒரு கம்பளியைப் போட்டுவிடுவேன். சுவரை ஒட்டிய வீட்டில் ரகசியப் போலீஸ் ஏட்டு ஒருவர் குடியிருந்தார். எதிரியின் ஒலிபரப்பைக் கேட்டால் குற்றமில்லை, கேட்டதைப் பரப்பினால்தான் குற்றம் என்றார்கள் சிலர். கேட்டாலே உள்ளே போட்டுவிடுவார்கள் என்றார்கள் வேறு சிலர். எது சரி என்று ஏட்டிடமே போய்க் கேட்க முடியாது.

பெயர்கள் வரும். ஏதோ ஒரு பெயர் பாதியில் கரையும். நான் குமிழைத் திருப்பித் தேடுவதற்குள் அடுத்தவன் பேசிக்கொண்டிருப்பான்.

“இப்ப போனது யாரு பேருடா?” என்பாள் அக்கா.

“தெரியலக்கா.”

“அவரா இருந்தா?”

நான் மறுபடி குமிழைத் திருப்புவேன். அத்தை, அதாவது அக்காவின் மாமியார், ஜெபமாலை வைத்துக்கொள்ளும் சபைக்காரி இல்லை. அவள் சேலைத் தலைப்பையே விரலில் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டிருப்பாள்.

நழுவுகிற நிலையத்தைச் செட்டே பின்தொடர்ந்து பிடித்துக்கொள்ளும்படி ஒரு சர்க்யூட் உண்டு என்று எனக்குத் தெரியும். படம் கல்லூரிப் புத்தகத்தில் இருந்தது. கூடுதலாக இரண்டு வால்வுகள் வேண்டும். ஒன்று, நிலையம் எந்தப் பக்கம் விலகுகிறது என்று உணரும். மற்றது, அந்த அளவுக்குச் செட்டை எதிர்ப்பக்கம் இழுத்துச் சரிசெய்யும். கையால் யாரும் தொட வேண்டாம். சண்டைக்காலத்தில் வால்வு கிடைப்பதுதான் பெரும்பாடு. சிவாஜி நகர் பழைய சாமான் கடைகளில் அலைந்து, செத்துப்போன ஒரு செட்டின் உடம்பிலிருந்து இரண்டையும் கழற்றி வந்தேன். கம்பியைக் காயில்களாக நானே சுற்றினேன். நான் வேலை செய்கிற மாலைகளில் செட் திறந்து கிடந்தது. அந்த மாலைகள் அக்காவுக்கு நரகம். எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, “இன்னிக்கு அவரு பேசிட்டிருப்பாரு” என்று ஒரே வாக்கியத்தைச் சொல்வாள். நான் தலை தூக்காமல் அடுத்த கம்பியைப் பற்றவைப்பேன்.

முடித்துப் போட்டபோது முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. நிலையத்தின் அருகே முள்ளைக் கொண்டுபோனால் போதும், அது சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. வேண்டுமென்றே குமிழைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தேன். குரல் மாறவில்லை. அத்தை முதல் தடவையாகத் தலைப்பை விட்டுவிட்டு, “மனுசன் பேசறாப்பல இருக்குது” என்றாள்.

இரண்டாவது நாள் பக்கத்து அலையில் ஒரு பலமான நிலையம் பேண்டு வாத்தியம் வாசிக்கத் தொடங்கியது. சிங்கப்பூர் கொஞ்சம் மங்கிய நிமிஷத்தில் என் சர்க்யூட் அதை விட்டுவிட்டுப் பலமானதைப் போய்ப் பிடித்துக்கொண்டது. குமிழைத் திருப்பினாலும் விடவில்லை. நான் எந்தப் பக்கம் இழுக்கிறேனோ, அதற்கு எதிர்ப்பக்கம் அது இழுத்தது. ஒலிபரப்பு முடியும்வரை பேண்டு வாத்தியம்தான்.

அக்கா கத்தவில்லை. எழுந்துபோய் அடுப்பங்கரையில் நின்றுகொண்டாள்.

அடுத்த நாள் அந்தச் சர்க்யூட்டை வேண்டும்போது வெட்டிவிட ஒரு ஸ்விட்சு வைத்தேன். சிங்கப்பூர் மங்கும்போது ஸ்விட்சைத் தள்ளி, கையாலேயே பிடித்து வைத்திருக்க வேண்டும். அது திரும்ப எழும்பியதும் ஸ்விட்சைப் போட வேண்டும். குமிழில் என் கை, ஸ்விட்சில் அக்காவின் விரல். நான் தலையசைத்தால் தள்ளுவாள். கேட்பதைவிட அதைப் பிடித்து வைத்திருப்பதிலேயே எங்கள் உடம்பு முழுக்க இருந்தது.

மழை வந்து ஓய்ந்த ஒரு மாலையில் மாமாவின் பெயர் வந்தது. முழுப் பெயர், அப்பா பெயர், பெங்களூர், மர்பி டவுன். அத்தை எழுந்து நின்றுவிட்டாள். அதே நேரம் சத்தம் மங்கத் தொடங்கியது. நான் தலையசைத்தேன். அக்கா ஸ்விட்சைத் தள்ளினாள். பேண்டு வாத்தியம் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. குமிழை எதிர்ப்பக்கம் திருப்பினேன். சிங்கப்பூர் மேலே வந்தது. மறுபடி தலையசைத்தேன். நிலையம் உள்ளே விழுந்து, அசையாமல் நின்றது.

ஒரு ஆள் தொண்டையைச் செருமினான்.

“அம்மாவுக்கு நமஸ்காரம். நான் சௌக்கியமா இருக்கேன். சாப்பாடு கிடைக்குது. என் சம்சாரம் ஸ்கூல் வேலையை விட வேணாம். கவலைப்படாதீங்க. சீக்கிரம் வந்துடுவேன்.”

அவ்வளவுதான். அடுத்த பெயர் வந்துவிட்டது. அத்தை முட்டிபோட்டு அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொன்னாள். அக்கா ஸ்விட்சிலிருந்து விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“அவரு இல்ல” என்றாள்.

“என்னா சொல்ற?” அத்தை திரும்பினாள்.

“அவரு கொரல் இல்ல அத்தை. வேற யாரோ. சின்னப் பையன் கொரல். சௌக்கியம்னு சொல்றப்ப விசில் அடிக்கிறாப்பல காத்து வருது. அவருக்கு அப்பிடி வராது.”

“ரேடியோல கொரல் மாறித்தான் கேக்கும். நீயேதான் சொன்ன, தகரக் கொழாய்னு.”

“அது முன்ன. இப்ப மாறாது. கேளுங்க அவன.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா சொன்னது சரி. அந்த விசிலை நானும் கேட்டேன். பழைய செட்டாக இருந்தால் அது காதிலேயே விழுந்திருக்காது. மூன்று பேரும் நிம்மதியாகத் தூங்கியிருப்போம்.

“எனக்கும் மாமா மாதிரி தெரியல அத்தை” என்றேன்.

“அவன் என் பிள்ள” என்றாள் அத்தை. “அவன் உயிரோட இருக்கறது உங்களுக்குப் புடிக்கல.”

அக்கா அதற்குமேல் அடங்கவில்லை. செத்துப்போனவர்கள் பெயரில் யாரையோ பேசவைத்து ஏமாற்றுகிறார்கள் என்று உரக்கச் சொன்னாள். அத்தையும் குரலை உயர்த்தினாள். அப்போது கதவு தட்டப்பட்டது.

பக்கத்து வீட்டு ஏட்டு. உடுப்பில்லாமல் பனியனோடு நின்றார். அவர் பார்வை அத்தையின் கண்ணீர் முகத்தில் பட்டு, கம்பளி போர்த்திய ரேடியோவுக்குப் போனது. நான் அணைத்துவிட்டிருந்தேன். ஆனால் பெட்டிக்குள் வால்வுகளின் சிவப்பு இன்னும் அடங்கவில்லை.

“என்னா டீச்சரம்மா, சண்டையா?”

“குடும்ப விஷயம்ங்க” என்றாள் அக்கா.

அவர் என்னிடம், “வூட்டுல கேட்டது வூட்டோட இருக்கட்டும் தம்பி. கோயில்ல, ஸ்கூல்ல பேசிக்க வேணாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களைக் காப்பாற்றினாரா, மிரட்டினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதன் பிறகு பல நாள் தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டாலே ரேடியோவை அணைத்துவிடுவேன்.

யுத்தம் முடியும்வரை எங்கள் வீடு இரண்டாகத்தான் இருந்தது. அத்தை மகன் வருவான் என்று அவன் சட்டைகளை வெயிலில் காயப்போட்டு மடித்து வைப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா எழுந்து வெளியே போய்விடுவாள். மறுபடி அந்தக் குரல் வருமா என்று எத்தனையோ மாலைகள் கேட்டோம். வரவில்லை. “அந்தப் பொய்யன்” என்றுதான் அக்கா அவனைச் சொல்வாள். ஒருமுறை என்னிடம், “நீ அந்த சர்க்யூட்டைப் போடாமலே இருந்திருக்கலாம்டா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது எனக்கு உறைத்தது.

மாமா திரும்பி வந்தார். சண்டை முடிந்து சில மாதங்களுக்குப் பின், கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில், பாதி உடம்பாக. அக்கா அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடிக்கிற வரை பொறுத்திருந்துவிட்டுத்தான் அந்தக் குரலைப் பற்றிக் கேட்டாள்.

மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ரேடியோல பேசறதுக்கு என் பேரு வந்தப்ப எனக்கு ரத்தபேதி. எழுந்து நிக்க முடியல. போகலன்னா அந்த எடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. பக்கத்துப் படுக்கையில நம்ம பெங்களூர் ஒக்கலிபுரம் பையன் ஒருத்தன் இருந்தான். அவன் பேரும் அடுத்த வாரத்துக்குப் போட்டிருந்தாங்க. ‘அண்ணே, உங்க பேர நான் சொல்லிட்டு வர்றேன்’னு, என் சேதியயும் கேட்டுக்கினு போயிட்டான். காவக்காரனுக்கு எங்க மூஞ்சி எல்லாம் ஒண்ணுதான். ஆனா ஒருத்தன் ஒரு வாட்டிதான் மைக்கு முன்னால நிக்கலாம். அடுத்த வாரம் அவன் தன் பேருக்குப் போனப்ப, நீ பேசிட்டன்னு ரேடியோக்காரன் ஒருத்தன் அடையாளம் கண்டு திருப்பி அனுப்பிட்டான்.”

“அவரு எங்க இப்ப?” என்றாள் அக்கா.

“தீவுங்களுக்கு வேலைக்குக் கூட்டினு போனாங்க. அதுல போனவங்க திரும்பல.”

மாமாவுக்கு நடக்கிற தெம்பு வந்ததும் அவரும் அக்காவும் நானும் ஒக்கலிபுரம் போனோம். ரயில்வே லைனை ஒட்டிய சந்தில் வீடு. பையனின் அப்பாவுக்குக் கூட்ஸ் ஷெட்டில் வேலை, அந்த நேரம் வீட்டில் இல்லை. அம்மா மட்டும் இருந்தார். இறந்த சேதி ராணுவத்திலிருந்து முன்பே வந்துவிட்டது. அதற்கு முன் பையனைப் பற்றி ஒரு சொல்கூட வந்ததில்லை என்றார்.

மாமா நடந்ததையும், நான் ரேடியோவில் செய்த வேலையையும் சொன்னார். சொல்லும்போது அந்த அம்மா அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. எந்தத் தாய்க்குத்தான் பார்க்க முடியும். தன் வீட்டுக்கு வர வேண்டிய குரல் எங்கள் வீட்டுக்கு வந்து, அதுவும் பொய்யன் என்று பெயர் வாங்கியிருந்தது.

“நீங்க கேட்டீங்களா?” என்று அக்காவிடம் கேட்டார்.

“கேட்டேம்மா.”

“எம் பையந்தான்னு எப்பிடித் தெரியும்?”

அக்கா, அவன் பேசத் தொடங்கும்முன் தொண்டையைச் செருமியதையும், சௌக்கியம் என்கிற சொல்லில் பல்லிடுக்கில் காற்று சீறியதையும் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல், அதே மாதிரி செய்தும் காட்டினாள். அத்தனை வருஷம் வெறுத்து வெறுத்து மனப்பாடமாகியிருந்தது அவளுக்கு.

அந்த அம்மா வாயைச் சேலையால் பொத்திக்கொண்டார். “முன்பல்லு ஒண்ணு போச்சி அவனுக்கு. கம்பி மேல ஏறி வுழுந்து” என்றார். பிறகு, “பயந்தாப்பல பேசினானா?” என்று கேட்டார்.

“இல்லம்மா. தைரியமா, தெளிவாப் பேசினாரு.”

“பசியில இருந்தாப்பல?”

“அது தெரியலம்மா. சாப்பாடு கிடைக்குதுன்னு சொன்னாரு. எங்க வீட்டுக்குச் சொன்னதுதான்.”

“சொல்லு, என்னென்ன சொன்னான்.”

அக்கா முழுவதையும் சொன்னாள். அம்மாவுக்கு நமஸ்காரம் என்பதில் தொடங்கி. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் என்னைப் பார்த்தார்.

“நீதான் அந்த மிசின் பண்ணவனா தம்பி? அதுல இன்னொரு வாட்டி அது வருமா?”

வானத்தில் போனது போனதுதான், எந்தச் சர்க்யூட்டும் அதைத் திரும்பப் பிடிக்காது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அக்கா என் கையை அழுத்தினாள்.

“நான் வந்து சொல்றேம்மா” என்றாள் அவரிடம்.

அதன்படியே போனாள். பள்ளிக்கூட லீவு நாட்களில் தனியாகக் கிளம்பிவிடுவாள். அந்த அம்மா இருந்தவரை போய்க்கொண்டிருந்தாள். அங்கே என்ன பேசினார்கள் என்று அவளும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.