ஒரே விடியலில் இரண்டு படகுகள்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாதக் கடைசியில், நம் புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில் நடந்தது இது. அப்போது நான் புது வேலையில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இறால் குஞ்சுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவள் நான். ஆனால் சேர்ந்தது ஆராய்ச்சி செய்யும் வேலையில் இல்லை, மற்றவர்களின் ஆராய்ச்சியை நடத்திக் கொடுக்கும் வேலையில். அனுமதி வாங்குவது, ஆள் சேர்ப்பது, வண்டி பிடிப்பது, தேதி குறிப்பது, பேராசிரியர்கள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நடுவில் நின்று சமாதானம் பேசுவது, எல்லாம் என் தலையில்.

சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்குமா? "இம்புட்டுப் படிச்சுப்புட்டு, போன்ல பேசுற வேலைக்கா போற?" என்று சித்தி கல்யாணப் பந்தியில் வைத்தே கேட்டுவிட்டார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். ரசத்துக்குக்கூடக் காத்திருக்காமல் எழுந்துவிட்டேன். அதே கேள்வி எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்ததால்தான் அவ்வளவு சுருக்கென்று தைத்தது.

என் கைக்கு வந்த முதல் பெரிய திட்டம், கரையோரத்திலும் ஆழத்திலும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் மெல்லிய வலை இழுத்து, இறால் நண்டுக் குஞ்சுகள் எங்கே எவ்வளவு இருக்கின்றன என்று பார்ப்பது. ஆழத்துக்கு விசைப்படகு, கரையோரத்துக்கு நாட்டுப்படகு. அடுத்த வாரம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். அதற்குள் முடிக்காவிட்டால் திட்டம் கைநழுவிப் போகும். என் வேலை நிரந்தரமாவதும் அதோடு போகும்.

ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுக்காரர்களின் தலைவரைப் பார்த்து, ஐஸ் உடைக்கிற சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்தி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நடக்காது டீச்சர். நாங்க போற அன்னைக்கு நாட்டுப்படகு எறங்காது. அவுங்க போற அன்னைக்கு நாங்க போக மாட்டோம். வலை அறுந்து, அடிதடியாகி, அப்பறம் எல்லாருமா ஒக்காந்து பேசி முடிச்ச ஏற்பாடு இது. ஒரு போட்டு நாள் மாறிப் போனாலும் வம்பு வந்துரும்."

திட்டத்தை எழுதிய பேராசிரியர் வெளியூர்க்காரர். அவருக்கு இது தெரியாது. டவுனில் வளர்ந்த எனக்கும் தெரியாது. போனில் சொன்னதும், "அப்ப விட்ருங்கம்மா, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். அவருக்கு அடுத்த வருஷம் இருக்கிறது. எனக்கு இருக்கிறதா? பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டு நேராகக் கோட்டைப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே நாட்டுப்படகு வைத்திருந்த ஒரு பாயிடம், வருவீர்களா மாட்டீர்களா என்று கேட்கவில்லை. எப்போது இறங்குவீர்கள், எவ்வளவு தூரம் போவீர்கள், விசைப்படகுகள் எப்போது கரைக்கு வரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒரு சோதனை சரியாக வராதபோது லேபில் அப்படித்தான் ஆரம்பிப்பேன். "வெள்ளன சுபுஹு தொழுதுட்டு எறங்கிருவோம். மொத நாள் போன விசைப்படகெல்லாம் அப்பத்தான் திரும்பி வரும். எதுக்க எதுக்கப் பாத்துக்குவோம்" என்றார் சாதாரணமாக.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் முறை நாளான புதன்கிழமை போன விசைப்படகு வியாழன் விடியலில் திரும்புகிறது. அதே விடியலில் நாட்டுப்படகு இறங்குகிறது. அந்தக் கொஞ்ச நேரம் இரண்டும் தண்ணீரில் இருக்கின்றன. யாரும் யாருடைய நாளையும் மீற வேண்டியதில்லை. விஷயத்தைச் சொன்னதும் பாய் யோசிக்காமல் தலையாட்டினார்.

பேராசிரியர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. திட்டத்தில் காலை பத்து மணி என்று போட்டிருக்கிறதாம். அப்போதுதான் நான் மேலாளர் என்பதை மறந்து பேசினேன். "சார், வெயில் ஏறினா குஞ்சுகள் அடிக்குப் போயிரும். விடியல்லதான் மேல நிக்கும். பத்து மணி நம்ம வசதிக்குப் போட்டது. விடியல் அதுங்களோட நேரம். வருஷக்கணக்கா நான் இதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்." அவர் திட்டத்தாளைப் புரட்டுவது போனில் கேட்டது. பிறகு, "இதை நான் யோசிச்சிருக்கணும்" என்றார்.

திரும்ப ஜெகதாப்பட்டினம். தலைவருக்கு ஏற்பாடு பிடித்திருந்தது, ஆனால் ஒரு தயக்கம். விடியும்வரை ஆழத்திலேயே நின்றால் படகு கரை சேரத் தாமதமாகும். "ஒரு போட்டு நேரத்துக்கு வரலைன்னா, இலங்கை நேவி புடிச்சுட்டுப் போயிட்டாங்களோன்னு வீட்ல பதறிப்போயிருவாங்க டீச்சர்." அந்தப் படகில் போகிறவர்களின் வீடுகளுக்கு நானே போனேன். எங்கே நிற்பார்கள், ஏன் தாமதமாகும், எனக்கு எந்த நம்பரில் பேசலாம் என்று ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து சொன்னேன். படகு ஓட்டுபவரின் மனைவி மட்டும் விடவில்லை. "அவுக கரைக்கு வாற வரைக்கும் நீங்களும் எங்களோட நிக்கணும்" என்றார். நிற்கிறேன் என்றேன்.

அந்த வியாழக்கிழமை, சொன்னபடி அந்தப் பெண்களோடு ஜெகதாப்பட்டினம் துறைமுகத்தில் நின்றேன். கிழக்கு வெளுத்தது. மற்ற விசைப்படகுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. நம்முடையதைக் காணோம். நாட்டுப்படகில் போயிருந்த ஆராய்ச்சி மாணவரிடமிருந்து மட்டும் வலை இழுத்தாயிற்று என்று தகவல் வந்தது. என் பக்கத்தில் நின்றவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டமாவது மண்ணாவது, இவர்கள் வீட்டு ஆட்கள் பத்திரமாக வந்தால் போதும் என்றுதான் எனக்கும் இருந்தது.

வெயில் ஏறத் தொடங்கியபோது படகு தெரிந்தது. படகின் முனையில், அணியத்தில் நின்ற எங்கள் இன்னொரு மாணவர் பாட்டில்களை இரண்டு கைகளிலும் தூக்கிக் காட்டினார். அந்தப் பெண்கள் சிரித்தார்கள். நான் வெட்கமில்லாமல் அழுதேன். ஆட்களும் வந்துவிட்டார்கள், நானும் ஜெயித்துவிட்டேன் என்ற சந்தோஷ அழுகைதான், வேறொன்றுமில்லை.

மறுநாள் லேபில் எல்லோரும் மைக்ரோஸ்கோப்பைச் சுற்றி நின்றார்கள். நான் கதவோரம் அடுத்த வேலைக்காக யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தேன். பேராசிரியர் திரும்பி, "வாங்கம்மா, மொதல்ல நீங்க பாருங்க" என்றார். கண்ணை வைத்தேன். கண்ணாடித் துண்டு நிறைய இறால் குஞ்சுகள். ஆழத்தில் இழுத்ததிலும் இருந்தன, கரையோரத்தில் இழுத்ததிலும் இருந்தன.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பின்னால் காத்திருந்த மாணவருக்கு இடம் விட்டு நகர்ந்தேன். அப்படி நகர்ந்தபோது மனதில் துளி வருத்தம்கூட இல்லை என்பதைத்தான், இந்த வேலைக்கு நான் வந்தது சரிதான் என்பதற்குச் சாட்சியாக இன்றும் வைத்திருக்கிறேன்.