அம்மாவின் தலையில் மிளகாய் மணம்

எங்கள் ஊர் மாதர் சங்க வாசலில் கால் வைத்ததும் செத்தல் மிளகாய் வறுக்கும் காரம் ஏறித் தும்மினேன்.

இந்தச் சங்கம் பக்கத்து வீட்டுத் தங்கம்மா மாமியின் குசினியில் தொடங்கியது. வெள்ளிக்கிழமைகளில் அம்மாவோடு ஐந்து பெண்கள் கூடி, விற்பதற்கு மிளகாய் வறுத்துத் தூளாக்கினார்கள். அப்பாவுக்கு அது பிடிக்காது. அம்மா கோயிலுக்கென்று அர்ச்சனைத் தட்டோடு புறப்படுவார். திருநீறு பூசிக்கொண்டு திரும்புவார்.

ஒரு வெள்ளி, அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மாவின் தோளில் தொங்கியபடி கேட்டேன்.

"கோயிலுக்குத்தானே போனனீங்கள், பிறகேன் தலை மிளகாய் மணக்குது?"

அப்போது எனக்கு எட்டு வயது. எங்கே போகிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என்னைக் கூட்டிப்போகாத கோபம்.

அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கைகழுவினார். அதன்பின் அம்மா வெள்ளிக்கிழமைகளில் வாசல் படலையைத் தாண்டவில்லை. கோயிலுக்கும்கூட.

சங்கச் சுவரில் தொடக்கியவர்களின் படம் தொங்குகிறது. அதில் நான்கு பேர்தான்.

தும்மல் கேட்டு வந்த தங்கம்மா மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வறுக்கிற பதம் உன்ரை அம்மா பழக்கினதுதான், பிள்ளை. அவ ஏன் வராமல் விட்டவ எண்டு எங்களுக்கு இண்டைக்கும் விளங்கேல்லை."

"எனக்கும் தெரியாது, மாமி" என்றேன்.