லைம் க்ரீக் சலவை வகுப்பு

மிஸ் லூவீனியா பெட்டிஸ் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தேவைக்கு அதிகமாக நன்றாக நடித்தார். அதில் மேல் வகுப்பே பறிபோக இருந்தது.

அவர் லைம் க்ரீக் கறுப்பர் பள்ளிக்கு வந்தபோது படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. பருத்தி எடுக்க ஏழாம் வகுப்பே அதிகம் என்பது மாவட்டத்தின் கருத்து. மிஸ் பெட்டிஸ் யாரிடமும் கேட்காமல் எட்டாம் வகுப்பைத் தொடங்கினார். அடுத்த வருஷம் அதே பிள்ளைகளை ஒன்பதுக்கு ஏற்றினார். கேட்டால்தானே மறுப்பார்கள்? இப்படியே பதினொன்று வரை வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் மே மாதம் வரை தாக்குப்பிடித்தால் நேரே ஆசிரியர் கல்லூரியில் சேரலாம். எங்கள் ஊரிலிருந்து அதுவரை யாரும் சேர்ந்ததில்லை. தேவாலயத்துப் பாடகர் ஒருவர் அவரைக் கல்யாணத்துக்குக் கேட்டபோது, "மே மாசம் கழியட்டும், பேசலாம்" என்றாராம். எந்த வருஷத்து மே என்று சொல்லவில்லை.

மாவட்டத்தின் கணக்கில் ஏழுக்கு மேற்பட்ட இந்த மேல் வகுப்பு என்பது வீட்டு வேலைப் பயிற்சி. பள்ளிக் கண்காணிப்பாளர் மிஸ்டர் ஹெய்லின் கார் ஓடைப் பாலத்தில் ஏறினால் பலகைகள் தடதடக்கும். அந்தச் சத்தத்துக்கும் கதவு திறப்பதற்கும் நடுவே லத்தீன் புத்தகங்கள் பெஞ்சுக்கு அடியில் போய்விடும், அடுப்புக்குப் பின்னாலிருந்து சலவைத் தொட்டி வந்துவிடும். சோப்பு நுரை மட்டும் காலையிலேயே தயாராக இருக்கும். ஒருமுறை கரும்பலகையில் முக்கோணம் அழியாமல் நின்றுவிட்டது.

"இது என்ன, லூவீனியா?"

"காலர் வெட்டு, ஐயா."

"ரொம்பக் கூர்மையா இருக்கே."

"இப்ப அதுதான் நாகரிகம், ஐயா."

1938 பிப்ரவரியில் ஹெய்ல் வந்த நாளில் எல்லாமே கச்சிதமாக அமைந்தது. மாணவி டெல்ஃபின் தேய்த்த சட்டையை ஹெய்ல் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கஞ்சி சரியாக ஏறியிருந்தது. பிள்ளைகள் கேட்காமலேயே ஒரு பக்திப் பாட்டு வேறு பாடினார்கள். ஹெய்லுக்குக் கண் கலங்கியது.

"லூவீனியா, இதுல நீ புத்தகத்தைக் கலந்து நேரத்தை வீணாக்குற. மார்ச்லேர்ந்து மேல் வகுப்புக்குப் புத்தகமே வேண்டாம். நாள் முழுக்க சலவை. கொட்டகை போட்டுத் தர்றேன். பள்ளிக் குழுவுலயும் சொல்லிட்டேன்."

பக்கத்து மாவட்டத்தில் ஓர் ஆசிரியை இப்படி ஒன்றுக்கு முடியாது என்று சொல்லிப் பார்த்தார். அந்த வாரமே வேலை போயிற்று.

"ரொம்ப நன்றி, ஐயா," என்றார் மிஸ் பெட்டிஸ்.

புதன்கிழமை மதியம் ஆலயத்துப் பின்னறையில் பெண்கள் சங்கம் கூடிக் கந்தல் துணிகளை இணைத்துப் போர்வை தைக்கும். ஹெய்ல் வீட்டில் சமைக்கிற ரோசெட்டா ஊசியில் நூல் கோத்தபடி சொன்னார்:

"வாழ்த்துகள், மிஸ் பெட்டிஸ். ஊருக்கே வெளுத்துக் கட்டப் போறீங்களாம்."

"கேலி பண்ணாத, சிஸ்டர்."

"நான் ஏன் கேலி பண்றேன்? அந்தாளு ராத்திரி சாப்பாட்டுல உங்க கஞ்சியப் பத்தியே பேசினாரு. என் கோழியப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. ஒரு சட்டையையாவது பொசுக்கியிருக்கக் கூடாதா?"

"டெல்ஃபினுக்கு எதையும் அரைகுறையாச் செய்யத் தெரியாது."

"அப்ப அவ மே மாசம் காலேஜுக்குப் போகாம எங்கூடப் பாத்திரம் கழுவ வரட்டும். அதையும் நல்லாச் செய்வா."

யாரும் சிரிக்கவில்லை. மிஸ் பெட்டிஸ் ஒரு தையலைப் பிரித்துத் திரும்பப் போட்டார். பிறகு கேட்டார்:

"சிஸ்டர், எந்தப் படிப்பு முடிச்சாலும் சர்டிபிகேட் தரணும். சலவைக்கும் தருவேன். இது உங்க மேடத்துக்குத் தெரியுமா?"

ரோசெட்டா ஊசியை நிறுத்தினார். "தெரியாது. பாவம், தெரிஞ்சுக்கணுமில்ல?"

மறுநாள் காலை, ஹெய்ல் வீட்டில் பிஸ்கட் மாவை உருட்டிக்கொண்டே, ரோசெட்டா அதைத் தெரியப்படுத்தினார். நடந்ததை அவரே பின்னறையில் இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினார்.

"மேடம், ஐயாவுக்கு எவ்வளவு பெரிய மனசு! எங்க பொண்ணுங்களுக்கெல்லாம் சர்டிபிகேட் வாங்கித் தர்றாரே."

"எதுக்கு சர்டிபிகேட்?"

"முறையாப் படிச்ச சலவைக்காரின்னு காட்டத்தான், மேடம். அட்லாண்டாவுல அத வச்சிருந்தா சம்பளம் பேசித்தான் வேலைக்குப் போவாங்களாம். ஞாயிற்றுக்கிழமை லீவாம். உள்பாவாடை வெளுக்கத் தனியா காசாம்."

"யாரு இதெல்லாம் சொன்னது?"

"ஊரே பேசுது, மேடம். நானும் சேரலாம்னு இருக்கேன். மத்தியானம் மட்டும் விட்டீங்கன்னா போதும்."

மிஸஸ் ஹெய்ல் காபிக் கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாராம்.

அந்த வாரம் வங்கிக்காரர் வீட்டுச் சமையலறையிலும், மருத்துவர் வீட்டிலும், பஞ்சாலை முதலாளி வீட்டிலும் இதே நன்றியுணர்ச்சி பொங்கியது. எல்லா வீட்டிலும் ஐயாவின் பெரிய மனசு பாராட்டப்பட்டது. எல்லா வீட்டிலும் ஒருத்திக்கு மத்தியானம் லீவு தேவைப்பட்டது.

கொட்டகைக்கு வந்த பலகைகள் திங்கட்கிழமை திரும்பிப் போயின. செவ்வாய்க்கிழமை பாலம் தடதடத்தது. ஹெய்ல் உள்ளே வந்து தொட்டியைப் பார்க்காமல் நின்றார்.

"லூவீனியா, சலவையெல்லாம் வேண்டாம். உங்க ஆளுங்களுக்கு அது பிறவியிலேயே வரும். தனியாச் சொல்லித் தர வேண்டியதில்லன்னு பலரும் அபிப்பிராயப்படுறாங்க."

"சரி, ஐயா. பிள்ளைங்கதான் ஏமாந்து போவாங்க."

"வேற என்ன சொல்லித் தர்ற?"

"கொஞ்சம் புத்தகம், ஐயா."

"அதையே நடத்து. புத்தகத்தால யாருக்கும் தொந்தரவு இல்ல."

பத்து வருஷம் கழித்து, வெள்ளை ஆசிரியைகளுக்குச் சமமான சம்பளம் கேட்டுத் தொடுத்த வழக்கில் மிஸ் பெட்டிஸ் கையெழுத்துப் போட்டார், வேலையை இழந்தார். ஆலயத்துப் பின்னறையில், ஓட்டுரிமைத் தேர்வுக்கு ஆட்களைத் தயார்செய்யும் வாக்காளர் வகுப்பு தொடங்கினார். அப்போதும் யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் ஊர் அவரை நினைக்கும்போது அந்த மே மாதத்தைத்தான் சொல்லும்.

பதினொன்றாம் வகுப்பு முடிந்த விழா ஆலயத்தில் நடந்தது. சான்றிதழைக் கண்காணிப்பாளரே தன் கையால் தர வேண்டும் என்பது விதி. ஹெய்ல் மேடையில் நின்றார். எங்கள் ஆட்களை வெள்ளைக்காரர்கள் வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வயதாகிவிட்டால் அத்தை, மாமா; மிஸ், மிஸ்டர் ஒருபோதும் கிடையாது. மிஸ் பெட்டிஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஆலயத்தின் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி வாசித்தார்:

"மிஸ் டெல்ஃபின் ஓட்ஸ்."

"மிஸ்டர் லியாண்டர் பாக்ஸ்."

"மிஸ் அர்னெட்டா க்ரம்ப்."

பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடையேறிச் சான்றிதழை வாங்கிக்கொண்டார்கள். ஹெய்ல் ஒவ்வொரு பெயருக்கும், யாரோ வெளியூர் விருந்தாளி வந்துவிட்டதுபோல, வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.