காரின் முகத்தில் கட்டிய துணி

எச்சரிக்கையை முழுதும் படித்துவிட்டு, கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை நேற்று வெறுங்கையால் திறந்த அறிவாளி நான். ஆவியின் துரு வாசனையில் எழுபதுகளின் கல்லாறு வந்து நின்றது.

ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் மண்டி வைத்திருந்த பெரியப்பாவின் கார், பொன்முடி மலை ஏறுமுன்பே, அடிவாரக் கல்லாற்றில் சூடேறி நின்றுவிட்டது.

"தண்ணி ஊத்தலையாடே? எறங்கு. இனி வேலைக்கு வரண்டாம்" என்றார் டிரைவர் செல்லப்பனிடம்.

காலையில் அவர் ஊற்றியதைக் குடும்பமே பார்த்திருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

காற்றுப் போகும் கிரில்லை மூடிப் பெரியப்பாவே கட்டியிருந்த கடை விளம்பரத் துணியைச் செல்லப்பன் அவிழ்த்தார். எஞ்சினை ஆறவிட்டு ஓட்டினார். கார் சூடேறாமல் மலை ஏறியது. பெரியப்பா மன்னிப்புக் கேட்கவில்லை.

உச்சியில் இறங்கியதும் செல்லப்பன் சொன்னார்: "துணியப் பின்னால கெட்டுவோம் மொதலாளி. வண்டி ஓடினாத்தானே நாலு பேரு வாசிப்பான்."