பீற்றரின் இடது கை

கொட்டாஞ்சேனை நோபேட்டுக்குப் பெருமை அடித்துக்கொள்ள இரண்டே இரண்டு விஷயங்கள்தாம் இருந்தன. ஒன்று, அவர் பூட்டிக் கொடுத்த சாமான் எதுவும் பரீட்சை நாளில் காலை வாரியதில்லை. மற்றது, ஐம்பத்தெட்டு வயதிலும் அவருடைய பிறஷர் நூற்றி இருபது, எண்பது. கேட்க ஆள் கிடைத்தால் இரண்டையும் சொல்வார். கிடைக்காவிட்டால் மனைவி நேசத்திடம் சொல்வார். நேசமும் பாவம், ஒன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

துறைமுகத்தில் மின்சார வேலை பார்த்து விலகிய மனுஷன் வீட்டில் சும்மா இருந்தால், வேலை செய்கிற ஃபானைக் கழற்றிப் பூட்டுவார், ஓடுகிற மணிக்கூட்டைத் திறந்து பார்ப்பார். "எங்கயாவது போய்த் தொலையுங்க" என்று நேசம் கும்பிட்ட பிறகுதான் வெள்ளவத்தையில் அந்த வேலை கிடைத்தது. காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு தாதியர் பயிற்சிக் கல்லூரி. அதன் பயிற்சி அறையில், கட்டிலில், ஒரு றப்பர் நோயாளி. மூச்சு விடுவான், இருமுவான், கண்ணை வெட்டுவான், தேவைப்பட்டால் செத்தும் காட்டுவான். அவனைக் கழுவித் துடைத்து, கழற்றிப் பூட்டி, பிள்ளைகள் படிக்கிறதற்குத் தயாராக வைத்திருப்பது நோபேட்டின் பொறுப்பு.

அவனுக்குப் பீற்றர் என்று பெயர் வைத்ததும் அவர்தான். நேசத்தின் அண்ணன் பெயர் அது. நாள் முழுக்க வாயைத் திறந்தபடி மல்லாந்து கிடக்கிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பதாம்?

பீற்றரின் உடம்பில் மிகவும் பொல்லாதது இடது கை. பிறஷர் பார்த்துப் பழகுவது அந்தக் கையில்தான். தோளில் கொளுவித் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரவேண்டும். வராவிட்டால் பாதிப் பரீட்சையில் கை கழன்று விழும். பிறகு அக்குளுக்குள் இரண்டு வயர்களைப் பூட்டவேண்டும். வெள்ளை வயர் மணிக்கட்டில் நாடி துடிக்க. கறுப்பு வயர் முழங்கை மடிப்பில் இரத்தம் ஓடும் சத்தம் கேட்க. எவ்வளவு பிறஷர் என்பதைப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டியில் நோபேட் போட்டு வைப்பார். பிள்ளைகள் கையில் பட்டியைச் சுற்றி, காற்றடித்து, காதில் குழலை மாட்டிக்கொண்டு காற்றை இறக்க, ஓரிடத்தில் 'டொக் டொக்' என்று தொடங்கி இன்னோரிடத்தில் ஓய்ந்துவிடும். தொடங்குவது மேல் கணக்கு, ஓய்வது கீழ்க் கணக்கு. எல்லாம் பூட்டி முடிந்ததும் நோபேட் தானே ஒருதரம் குழலை மாட்டிக் கேட்பார். கேட்ட பிறகுதான் அறைக் கதவைத் திறப்பார்.

தேநீர் நேரத்தில் பிள்ளைகள் பீற்றரை விட்டுவிட்டு நோபேட்டின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். "அங்கிள், ஒருக்கா பழகிப் பாக்கிறம்." அவரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ராசா மாதிரி உட்காருவார். பார்த்து முடித்தவள் கண்ணை அகல விரிப்பாள். "நூற்றி இருபது, எண்பது! இளந்தாரிப் பொடியன்தான் அங்கிள் நீங்க!" இன்று ஒருத்தி, நாளை ஒருத்தி, எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். நேசத்துக்கு ஆறு வருஷமாகப் பிறஷர், குளிசை, மாதம் ஒருக்கால் கிளினிக். "நீங்களும் ஒருக்கா டொக்டரிட்ட காட்டுங்க, உப்பக் குறைங்க" என்று அவள் வாய் ஓயாமல் சொல்வாள். அவர் கருவாட்டுப் பொரியலைக் கடித்துக்கொண்டு, "எனக்கென்ன குறை? படிச்ச பிள்ளையள் பாத்துச் சொல்லுதுகள்" என்பார்.

அந்தப் புதன்கிழமை முடிவுப் பரீட்சை. பதின்மூன்று பிள்ளைகள். பாஸானவர்களுக்குத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வார்டில் பயிற்சி தொடங்கும். தவறியவர்களுக்கு இன்னும் ஆறு மாதம். நோபேட் ஏழு மணிக்கே வந்து கையைப் பூட்டி, பெட்டியில் நூற்றி நாற்பத்தாறு, தொண்ணூற்றிரண்டு என்று போட்டு, கேட்டுப் பார்த்து, அந்தக் கணக்கை ஒரு கடித உறைக்குள் எழுதி ஒட்டினார். உறையைப் பரீட்சை முடிந்த பிறகுதான் திறப்பார்கள். பிள்ளைகள் தாங்கள் கேட்டதைத் துண்டில் எழுதி ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகவேண்டும். பரீட்சை நடத்தும் ஷஹீமா மிஸ் பட்டி சுற்றும் முறை, காற்றிறக்கும் முறையை மட்டும் பார்த்துப் புள்ளி போடுவார்.

எட்டு மணிக்கு ஏசியிலிருந்து தண்ணீர் ஊற்றத் தொடங்கியது. சொட்டவில்லை, ஊற்றியது. பீற்றரின் நெஞ்சிலேயே ஊற்றியது.

"நோபேட்! அடுத்த அறைக்கு மாத்துங்க, கெதியா!" என்றார் ஷஹீமா மிஸ். கட்டில் வாசலால் போகாது. கையைக் கழற்றி, காலைக் கழற்றி, பீற்றரைத் தோளில் போட்டுக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்க அடுத்த அறையில் கிடத்தி, திரும்பவும் எல்லாவற்றையும் பூட்டினார். தோள் 'டக்' என்றது. மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார், நாடி துடித்தது. வெளியே பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். "சரியா?" என்று மிஸ் கேட்டார். "சரி மிஸ்" என்றார் நோபேட். குழலை மாட்டிக் கேட்க மறந்துபோனார்.

பத்துப் பிள்ளைகள் ஒருத்தி பின் ஒருத்தியாகப் போய், பார்த்து, எழுதிப் போட்டுவிட்டு வந்தார்கள். பதினோராவது ஸும்றா. பாமன்கடைப் பக்கத்துப் பிள்ளை, அதிகம் பேசமாட்டாள். சின்ன வயதில் காதில் சீழ் வடிந்து வருத்தப்பட்டவள். கல்லூரியில் சேரும்போதே, இந்தக் காதோடு தாதி வேலை சரிவருமா என்று கேட்டு, டொக்டரின் கடிதம் கொண்டுவந்த பிறகுதான் எடுத்தார்கள். அது எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும், எல்லோருக்கும் தெரியும் என்பது தெரியும்.

நோபேட் வாசலுக்கு வெளியே கதிரையில் இருந்தார். உள்ளே நடந்தது தெளிவாகக் கேட்டது.

"மிஸ், எனக்கு ஒண்டும் கேக்குதில்ல."

"காதில வடிவா மாட்டிப் பாருங்க."

திரும்பவும் காற்றடிக்கும் சத்தம்.

"இல்ல மிஸ். நாடி துடிக்கிது. சத்தம் மட்டும் இல்ல."

"பத்துப் பேருக்குக் கேட்டிருக்கு ஸும்றா. உங்களுக்கு மட்டும் ஏன் கேக்கல்ல?"

மூன்றாம் தரமும் பார்த்தாள். மூன்றாம் தரமும் இல்லை என்றாள். மிஸ்ஸின் குரல் தணிந்துவிட்டது. அது கோபத்தைவிட மோசம். "வெளிய இருங்க. திரும்ப ஒருக்கா காது டொக்டரிட்டக் காட்டத்தான் வேணும் போல. திங்கட்கிழமை வார்டு சரிவராது."

ஸும்றா வெளியே வந்து சுவரோடு நின்று அழுதாள். "என்ட காது போயிட்டு. உம்மாட்ட என்னத்தச் சொல்ற?" பரீட்சை முடித்திருந்த சாமினி ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்து, நோபேட் இருப்பதைப் பார்க்காமல் காதுக்குள் கடிந்தாள்.

"விசரி! எனக்கும்தான் ஒண்டும் கேக்கேல்ல. நூற்றி இருபது, எண்பது எண்டு எழுதிப் போட்டிட்டு வந்திருக்கலாமே!"

அறை மாற்றிய பிறகு தான் குழலை மாட்டிக் கேட்கவில்லை என்பது நோபேட்டுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

எழுந்து உள்ளே போனார். "மிஸ், ஒரு நிமிஷம், கையை ஒருக்காத் துடைக்கோணும்." துணியோடு குனிந்து பீற்றரின் அக்குளுக்குள் பார்த்தார். வெள்ளை வயர் அதன் இடத்தில். கறுப்பு வயர், பூட்டாமல், பிள்ளை விட்டெறிந்த சூப்பான் மாதிரிச் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அட யேசுவே!

மிஸ் மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஒரு விரலால் அழுத்தினால் போதும். மிச்சம் இரண்டு பிள்ளைகளுக்கும் கேட்கும், உறையைத் திறக்கும்போது பத்துப் பேர் பிழையாக எழுதியதாகப் போகும், ஒன்பது வருஷமாக எடுத்த நல்ல பேரும் கெடாமல் இருக்கும். ஒரு குருவிக்கும் தெரியவராது. நோபேட் ஒன்றும் வானத்திலிருந்து இறங்கிய சம்மனசு அல்ல. விரல் வயரில் பட்டுவிட்டது என்பதை அவரே பிறகு நேசத்திடம் ஒத்துக்கொண்டார். ஆனால் வாசலுக்கு வெளியே அந்தப் பிள்ளை, நல்ல காதை வைத்துக்கொண்டு, காது போய்விட்டதென்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தாங்கவில்லை.

வயரை வெளியே இழுத்து உயர்த்திக் காட்டினார். "மிஸ். இது பூட்டுப்படேல்ல. நான்தான் பிழை விட்டனான். அறை மாத்தினதுக்குப் பிறகு கேட்டுப் பாக்கேல்ல."

ஷஹீமா மிஸ் எழுந்துவந்து குழலை மாட்டினார். காற்றடித்தார், இறக்கினார். ஒரு சத்தமும் இல்லை. வயரைப் பார்த்தார், நோபேட்டைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பித் துண்டுப் பெட்டியைப் பார்த்தார். திறந்து ஒவ்வொன்றாக வாசித்தார்.

"நூற்றி இருபது, எண்பது. நூற்றி இருபது, எண்பது. நூற்றிப் பதினெட்டு, எண்பது. இவ கொஞ்சம் கெட்டிக்காரி. நூற்றி இருபது, எண்பது…" பத்தும் முடிந்தது. "கூப்பிடுங்க எல்லாரையும்."

பத்துப் பேரும் வந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். மிஸ் சத்தம் போடவில்லை. வயரைக் கையில் பிடித்து ஆட்டிக்காட்டி, "இது பீற்றர். நாளைக்கு வார்டில கிடக்கிறது ஆருடையோ வாப்பா, ஆருடையோ அம்மா" என்று மட்டும் சொன்னார். சாமினிக்குக் கண்ணீர் பொலபொலவென்று ஓடியது. பிறகு ஸும்றாவை அழைத்து, எல்லோர் முன்னாலும், "மன்னிச்சுக்கொள்ளுங்க மகள். உங்கட காதில ஒரு பிழையுமில்ல" என்றார். இருபது வருஷம் பரீட்சை நடத்திய ஷஹீமா மிஸ் ஒரு மாணவியிடம் மன்னிப்புக் கேட்டதை நோபேட் அன்றுதான் கண்டார்.

பரீட்சை முதலிலிருந்து நடந்தது. இந்தமுறை நோபேட் பெட்டியில் கணக்கையும் மாற்றி, அதைப் புது உறையில் எழுதி ஒட்டி, இரண்டு தரம் கேட்டுப் பார்த்தார். முதல் ஆளாகப் போன ஸும்றா எழுதிப் போட்டது நூற்றி முப்பத்தெட்டு, எண்பத்தாறு. உறைக்குள் இருந்ததும் அதேதான்.

"நோபேட், இத நான் ரிப்போட்டில எழுதத்தான் வேணும்" என்றார் மிஸ்.

"எழுதுங்க மிஸ்" என்றார். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் கனத்தது. எழுதி முடித்ததும், அதிசயம், கனம் போய்விட்டது.

பின்னேரம் பீற்றரின் கையைக் கழற்றிப் பவுடர் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. நூற்றி இருபது, எண்பது. கைத் துணி அப்படியே நின்றது. ஒன்பது வருஷம்! தேநீர் நேரம், சட்டைக் கை, இளந்தாரிப் பொடியன்!

வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஸும்றாவைக் கூப்பிட்டார். "பிள்ளை, ஒருக்கா எனக்குப் பாருங்கோ." கதிரையில் ராசா மாதிரி உட்காரவில்லை. நுனியில் உட்கார்ந்தார்.

அவள் அவசரப்படாமல் பட்டியைச் சுற்றினாள், கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மற்றக் கையிலும் சுற்றிக் கேட்டாள். "அங்கிள், சொல்லட்டா?"

"கேட்டதச் சொல்லுங்கோ."

"நூற்றி அறுபத்தெட்டு, தொண்ணூத்தாறு."

"வடிவாக் கேட்டதோ?"

"கேட்டிச்சி அங்கிள். நல்லாக் கேட்டிச்சி. டொக்டரிட்ட காட்டுங்க, நாளைக்கே." அவள் கண் கலங்கிவிட்டது. நோபேட்தான் அவளைத் தேற்றவேண்டியிருந்தது.

பஸ்ஸில் அவருக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. அதோடு சிரிப்பும் வந்தது. கோட்டை தாண்டும்போது தனியாகச் சிரித்ததைப் பக்கத்து ஸீற்றில் இருந்த நோனா அம்மா ஒருமாதிரிப் பார்த்தார்.

வீட்டில் நேசம் சோறு போட்டுக் கருவாட்டுப் பொரியலை வைத்தாள். நோபேட் அந்தக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"என்ன, சரியாப் பொரியேல்லையோ?"

"நூற்றி அறுபத்தெட்டு, தொண்ணூத்தாறு."

"ஆருக்கு? பீற்றருக்கோ?"

"எனக்கு." நடந்தது முழுவதையும் சொன்னார். விரல் வயரில் பட்டதையும் சேர்த்துத்தான்.

நேசம் கரண்டியோடு கதிரையில் இருந்துவிட்டாள். ஏச்சு விழப்போகிறது என்று அவர் தயாரானார். ஏச்சும் விழுந்தது. "கொழும்பெல்லாம் சொல்லித் திரிஞ்சீங்களே, நூற்றி இருபது, எண்பது எண்டு! என்னையும் பிறஷர் வருத்தக்காரி எண்டு நக்கலடிச்சீங்க!" அதற்குள் அவளுடைய குரல் உடைந்துவிட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பிள்ளை நல்லா இருக்கோணும்."

"மற்றப் பிள்ளையளும் கெட்டதுகள் இல்லை. அன்பில சொன்னதுகள்."

"அன்பில உங்களச் சாக்காட்டியிருக்குங்கள்." அவள் கோப்பையை எடுத்து மூடினாள். "இத அண்ணன் வீட்டுக்கு அனுப்புறன்."

"ஏன், பீற்றருக்குப் பிறஷர் இல்லையோ?"

நேசம் ஒரு கணம் யோசித்தாள். கோப்பையைத் திரும்பவும் மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தாள், அவரும் சிரித்தார். பிறகு அலுமாரியிலிருந்து தன் கிளினிக் கொப்பியை எடுத்து, மறக்காமலிருக்க அவருடைய பஸ் பையின் மேல் வைத்தாள்.

"நாளைக்கு என்ர நாள். ஆறு மணிக்கே போனாத்தான் நம்பர் கிடைக்கும்," என்றாள். "ஆறு வருஷமா அந்தக் கிளினிக் வாங்கில தனியக் குந்திக்கொண்டு இருக்கிறன். வாங்க, கதைச்சுக்கொண்டு இருப்பம்."