உடைத்தவர் கையெழுத்து

மாடிப்படிக்குக் கீழே உடைந்த பெஞ்சுகள் அடைந்து கிடந்த ஓர் அறை. அதற்கு ஒரு ஜன்னல். வீட்டில் ஆளுக்கொன்றாக ஆறு மொழி பேசுகிற பிள்ளைகள் ஒரே மேசையைச் சுற்றி நிற்க வாரத்தில் ஒரு பிற்பகல். 'தயவுசெய்து தொடவும்' என்று பலகை மாட்டும் உரிமை. அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை 'நோண்டி' மல்லுக்கட்டி வென்றவை இவை. அந்த ஜன்னலுக்கே தலைமையாசிரியை ஒரு வருடம் தண்ணி காட்டினார்.

நோண்டி என்பது, எதைக் கண்டாலும் நோண்டிப் பார்ப்பவள் என்று வீட்டில் வைத்த பட்டப்பெயர். தையற்கடை நடத்தும் அண்ணன், அறைக்குத் திரை அளவெடுக்க வந்த அன்று பிள்ளைகள் முன்னால் வாய்தவறிக் கூப்பிட்டுவிட்டார். அதன்பின் ஊருக்கே அவள் நோண்டி டீச்சர்.

அறையில் வயிறு திறந்த ரேடியோ ஒன்று, பழைய தையல் மெஷின் சக்கரம் ஒன்று, கைப்பிடியைச் சுழற்றினால் பல்பு எரியும் பெட்டி ஒன்று, சுவரில் பழைய கடிகாரம் ஒன்று. சட்டமும் ஒன்றுதான். உடைத்தால் திட்டு கிடையாது; அந்தப் பொருளின் அட்டையில் 'உடைத்தவர்' என்ற இடத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும், சரிசெய்து வைக்க வேண்டும். சில அட்டைகளில் நாலு மொழி எழுத்துகள் நெருக்கியடித்தன.

பழைய கோப்புகளை அடுக்க அந்த அறையை எடுத்துக்கொள்ளலாமா என்று பார்க்கக் கல்வி அதிகாரி வந்தார். அண்ணன் ஸ்டூல்மேல் நின்று திரைக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தார். காலையில் தங்கை ஸ்க்ரூடிரைவரோடு பல்புப் பெட்டியிடம் குனிந்திருந்ததை அவர் கவனித்திருந்தார். இறுக்குகிறாள் என்று நினைத்தார்.

அதிகாரி கைகளைப் பின்னால் கட்டியபடி ஒரு வலம் வந்தார். அறை கோப்புகளுக்குத் தோதாகத்தான் இருக்கிறது என்றார்.

"அந்தக் கைப்பிடியையும் ஒரு தடவ சுத்திப் பாத்துடுங்க சார்," என்றாள் தங்கை. இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகம்.

அவர் சுற்றினார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

"நான் உடைக்கலம்மா. அதுவா கழண்டுச்சு."

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சார் சொல்லுவாங்க," என்று இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அட்டையையும் பென்சிலையும் நீட்டினாள்.

வேறு வழியின்றிக் கையெழுத்திட்டார். குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையைத் தொட உட்கார்ந்தார். கைநழுவிய திருகாணியைப் பிள்ளைகள் மேசைக்கடியில் தவழ்ந்து பிடித்துக் கொடுத்தார்கள். வெளியே காரோட்டி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பல்பு எரிந்ததும் அதிகாரி திரும்பிப் போயிருக்கலாம். அவரோ எப்படி எரிகிறது என்று பார்க்கப் பெட்டியை மறுபடி பிரித்தார்.

அண்ணன் கீழே குனிந்து, "ஏன்டி, அந்த ஸ்க்ரூ..." என்று இழுத்தார்.

"நீ கொக்கிய மாட்டுண்ணா."

கோப்புகளுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அதிகாரி. ஆனால் தனியாக மாட்டிக்கொண்ட குறை அவருக்கு இருந்தது. "சரி, இங்க முதமுதல்ல உடைச்சது யாரு?"

பிள்ளைகள் எல்லாரும் சுவர்க்கடிகாரத்தைக் காட்டினார்கள். அண்ணன் அதைக் கழற்றி, முதுகைத் திருப்பிக் கொடுத்தார். சின்ன வயதில் அவர் ஒட்டிய சீட்டு அங்கே இருந்தது. அப்பாவின் கடிகாரத்தைத் தங்கை அக்கக்காகப் பிரித்துப் போட்ட நாளில், கோள் சொல்ல மாட்டேன், ஆனால் உடைத்தது நீதான் என்று எழுதிக் கொடு, சேர்ந்தே பூட்டுவோம் என்று பேரம் பேசியவர் அவர். பெயர் எழுதத் தெரியாதவள் அதற்காகவே உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். எழுத்துகள் மலையேறி இறங்கின. கீழே அண்ணன் கோடு போட்டுக் கொடுத்த இடத்தில் தேதி மட்டும் நேராக நின்றது.

14.6.1987, ஞாயிற்றுக்கிழமை.